தற்காலிக முகவரி

கோலகங்சாரிலிருந்து நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு, மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி மலை இறங்கியதும் ஈப்போவை ஒட்டிய எங்கள் ஜெலாப்பாங் தெரியும். ஒருகாலத்தில் அந்த இறக்கத்தின் அடியில் டோல் இருந்தது. பாரம் ஏற்றி வரும் லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் போக, காசு கட்ட நின்றிருந்த வண்டிகள் மேலேயே வந்து ஏறிய விபத்துகள் நடந்தன. கடைசியில் டோலை எடுத்துவிட்டார்கள். அத்தனை கான்கிரீட், அத்தனை இரும்பு, கூரை, விளக்கு எல்லாம் போய்விட்டன. இன்றைக்கு அந்த இடத்தைக் கடக்கும் பையனிடம் இங்கே ஒரு டோல் இருந்தது என்று சொன்னால், கிழவனுக்கு ஏதோ ஞாபகக் குழப்பம் என்றுதான் நினைப்பான்.

1987இல் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மாணவர் வாடகைக்கு இருந்தார். கெடாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பொறியியல் படிக்கிறார் என்பதால் அம்மாவிடம் எங்களுக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் அவருக்குக் கிடைத்தது. வறுத்த மீனில் நடுத்துண்டு அவருக்கு. யூஎஸ்எம் என்று அவர் சொல்வது அம்மாவின் வாயில் நுழையவில்லை. அவளுக்கு அது 'காலேஜு'. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"காலேஜு இனிமே இங்கதானே இருக்கும், தம்பி?"

"இல்ல ஆண்ட்டி, இது தற்காலிகந்தான். ஸ்ரீ இஸ்கண்டார்ல நிரந்தரமா கட்டிக்கிட்டு இருக்காங்க. முடிஞ்சதும் எல்லாரும் அங்க போயிருவோம்."

அம்மா நெத்திலித் தலைகளை ஒருபக்கமாக ஒதுக்கினாள். "எங்க மாமனாரும் மூணு வருசத்துக்குன்னு சொல்லித்தான் ரஜுலா கப்பல்ல ஏறுனாரு," என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்கிற அந்த யூஎஸ்எம் பினாங்கிலிருந்து தன் பொறியியல் படிப்புகளைப் பெயர்த்து பேராக்கில் ஒரு கிளை வளாகம் அமைக்க வந்தது. 1986இல் ஈப்போவில் தற்காலிகமாகக் குடியேறியது. எண்பதுகளின் கடைசியில், ஈப்போவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, துரோனோவை அடுத்த ஸ்ரீ இஸ்கண்டாரில் நிரந்தர வளாகத்துக்குப் போனது. பழைய ஈயக்குட்டைகள் நிறைந்த பூமி அது. ஆனால் நிரந்தரம் அங்கே வெகுநாள் நீடிக்கவில்லை. 1997இல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதே இடத்தில் பிறந்தது. பொறியியல் படிப்புகள் பினாங்கு மாநிலத்துக்கே திரும்புவதென்று முடிவாகி, 2001இல் நிபோங் திபாலுக்குப் போய்ச் சேர்ந்தன. பதினைந்து ஆண்டுகளில் மூன்று முகவரி. வாடகை வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு வேகமாக மாறுவதில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஜாதகமே அப்படி. 1967இல் பினாங்கின் சுங்கை ஆராவில் துங்கு அப்துல் ரகுமான் அடிக்கல் நாட்டினார். 1969இல் வகுப்பு தொடங்கியதோ குளுகோரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் இடத்தில், 57 மாணவர்களுடன். அடிக்கல் நட்ட இடத்தில் வளாகம் எழவே இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் காலிசெய்துவிட்டுப் போன மின்டன் பாளையத்துக்கு 1971இல் குடிபோனார்கள். மின்டன் ஜெர்மனியில் ஒரு ஊர். 1759இல் அங்கே நடந்த போரின் நினைவாகப் பட்டாளத்துக்காரன் வைத்துக்கொண்ட பெயர் அது. சிப்பாய்கள் வந்து தங்கி, அடுத்த உத்தரவு வந்ததும் போவதற்காகக் கட்டிய கொட்டடிகள். அரை நூற்றாண்டு கழித்தும் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு முந்திய கதையும் இப்படித்தான். மலாயாவுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கார்-சாண்டர்ஸ் குழு பரிந்துரைத்தபோது, அது நிரந்தரமாக அமைய வேண்டிய இடம் என்று குறித்தது ஜொகூர் பாருவை. 1905இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் பிறந்தது. பிறகு செலவுக் கணக்கு பார்த்தார்கள். ஜொகூர் பாரு பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. 1957இல் கோலாலம்பூரில் வகுப்புகள் தொடங்கின, அதுவும் தொழில்நுட்பக் கல்லூரியில் இரவல் வாங்கிய அறைகளில். 1959இல் சிங்கப்பூருக்கு ஒன்று, கோலாலம்பூருக்கு ஒன்று என இரண்டு பிரிவுகள். 1962 ஜனவரி 1 முதல் இரண்டு தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். பந்தாய் பள்ளத்தாக்கில் மண் வெட்டிக் குன்றுகளைச் சமப்படுத்தி வளாகம் எழுந்தது. 'மலாயா' என்ற பெயர் கோலாலம்பூருக்கு வந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டுவதுபோல.

அந்தப் பெயர்ப்பலகை கைமாறும் வருடங்களில்தான் தமிழுக்கு அங்கே ஓர் அறை கிடைத்தது. அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளில் இந்திய இயல் துறை ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, எந்த மொழியை மையமாக வைப்பது என்பது பெரிய சண்டையானது. யோசனை சொல்ல வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தந்தார். அவருடைய பார்வையில் அதற்கு நியாயம் இருந்திருக்கும். சோழர்களைப் பற்றி அவரைப்போல உழைத்தவர் குறைவு. தமிழை அறியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மலாயாவின் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள். அவர்கள் பெயரால் அமையும் துறையில் அவர்கள் பேசும் மொழி பின்பெஞ்சில் உட்காருவதா என்று கேட்டது 'தமிழ் முரசு'. ஆசிரியர் கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர், சுயமரியாதை இயக்கத்தில் ஊறியவர், 1935இல் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர். பிடித்தால் விடமாட்டார். தலையங்கம் எழுதியதோடு நிற்காமல் 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து நிதி திரட்டக் கிளம்பினார். துறைக்கு, அதன் நூலகத்துக்கு.

பணம் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளியாக வந்தது. நகரத்து வணிகரும் கொடுத்தார், கிராணியும் கொடுத்தார், பால் வெட்டும் தொழிலாளியும் கொடுத்தார். விடியலில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, தலையில் விளக்கோடு நிரைக்குப் போய், மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டாவில் சுமந்து வந்து ஸ்டோரில் ஊற்றினால்தான் கூலி. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அந்தக் கணக்கில் ஒரு வெள்ளி என்ன கனம் கனக்கும் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி, எங்கள் தாத்தா கொடுக்கவில்லை என்று சொல்வதுதான். வசூலுக்கு ஆள் வந்த மாதம் தீபாவளிக் கடைக்கடன் தீரவில்லையாம். "குடுத்திருக்கலாம்," என்று சாகும் வரைக்கும் அவ்வப்போது சொல்வார். யாரும் கேட்காமலேயே சொல்வார்.

1956இல் இந்திய இயல் துறை சிங்கப்பூரில் தொடங்கியது, தமிழை மையமாக வைத்து. மூன்றே வருடம். 1959இல் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயகம் அடிகள் துறைக்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பிறந்து, ரோமில் படித்துப் பாதிரியாராகி, தமிழைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றியவர். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தில்லியில் உருவாகக் காரணமானவர்களில் முதன்மையானவர். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது, பல்கலைக்கழகம் தனியாகப் பிரிந்து வந்து முழுதாக ஐந்து வருடம் ஆகாத நேரத்தில். சென்னை மாநாட்டுக்கு இரண்டு வருடம் முந்தியது. இதை நம்மூர் மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1969இல் இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்ற நூற்பட்டியல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழில் என்னென்ன நூல்கள், இதழ்கள் வந்தன என்று ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறார். நாளைக்கு ஊர் போய்விடுவோம் என்று நினைக்கிறவன் பட்டியல் போடமாட்டான்.

மேடைகளில் சொல்லாமல் விடுகிற இன்னொன்று உண்டு. அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்த தோட்டத் தொழிலாளியின் பிள்ளை அந்தத் துறைக்குள் நுழைய வழி மிகக் குறுகல். 1920களின் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்தச் சொன்னது. நடத்தினார்கள். ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், அவரே சில தோட்டங்களில் கிராணிக்கு எடுபிடி. ஆரம்பக் கல்வியோடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பட்டணத்து ஆங்கிலப் பள்ளி. பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கப் போகும் வாசல் ஆங்கிலத்தில்தான் திறந்தது. தமிழ்மட்டும் தெரிந்தவனுக்குத் தமிழ்த்துறை எட்டாது. தெரிந்துதான் கொடுத்தார்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தெரிந்துதான் கொடுத்திருப்பார்கள். தோட்டத்துக்காரனுக்குக் கணக்குத் தெரியாது என்பது துரைமார் கட்டிய கதை. தராசு முள்ளைப் பார்த்தே பாலில் தண்ணீர் கழிக்கிற மோசடியைக் கண்டுபிடிக்கிறவன் அவன்.

தாத்தா கொடுத்த பணம் வேறு. சுங்கை சிப்புட் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. அந்த ஊர்க்காரர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய வீ. தி. சம்பந்தன், அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாக வந்தார். வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்க, லயத்து ஜனம் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலம். துண்டாடல் என்ற சொல்லைச் சொன்னால் எங்கள் பக்கத்துக் கிழவிகள் இன்னும் வாயில் கை வைப்பார்கள். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளிகள் தவணை தவணையாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களைத் தாங்களே வாங்கினார்கள். தாத்தா கட்டினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டினார். அந்தப் பங்குப் பத்திரம் மாட்டுவண்டிப் படம் போட்ட ஒரு பிஸ்கட் டின்னில், அப்பாவின் பிறப்புச் சூராவோடு கிடந்தது.

நிலத்துக்குக் கொடுத்தவர் நூலகத்துக்கு ஏன் கொடுக்கவில்லை, கடைக்கடன்தான் காரணமா என்று இப்போது தோன்றுகிறது. நூலகத்துக்குப் பணம் கேட்டு வந்தபோது அவர் மனசு இன்னும் மூன்று வருடத்துக்கு வந்த மனசு. நாகப்பட்டினத்துக்குத் திரும்பும் கப்பல் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. நிலப்பணம் கேட்டு வந்தபோது அந்தக் கப்பல் போய்விட்டது. ரஜுலா நிஜத்தில் 1973 வரைக்கும் ஓடியது, அது வேறு. இரண்டு வசூலுக்கும் நடுவில் பத்து வருடம்கூட இல்லை. 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குக் கொடுத்தவர்களோ அதற்கு முன்னமே கப்பலை அனுப்பிவிட்டவர்கள். குடியுரிமைக் காகிதம் பலருக்குக் கைக்கு வராத காலத்திலேயே இந்த மண்ணில் தங்கள் மொழிக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று முடிவுகட்டியவர்கள்.

லயம் என்பதே தற்காலிகத்தின் கட்டடக்கலைதான். முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், தகரக் கூரை, முன்னால் ஓர் எட்டு அகலத்தில் ஐந்தடி நடைபாதை. ஆள் வருவான், வேலை செய்வான், போவான் என்று நினைத்துக் கட்டியது. அதில் நான்கு தலைமுறை பிள்ளை பெற்றது. எங்கள் லயத்து அறையில் கதவுக்குப் பின்னால் உயரம் அளந்து போட்ட கரிக்கோடுகள் இருந்தன. அப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, பிறகு எனக்கு, என் தம்பிக்கு. என் கோடு அப்பாவின் கோட்டைத் தாண்டும் முன்பே தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்ந்து, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது.

பேராக்கில் இடம் மாறாமல் இருந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தஞ்சோங் மாலிமில் 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, பெயரைத்தான் மாற்றிக்கொண்டே வந்தது; 1997இல் கல்வியியல் பல்கலைக்கழகமானது. இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் அங்கே தமிழ் படித்து வருகிறவர்கள். அந்தப் பழைய கட்டடத்தின் வராந்தாவில் நடக்கும்போது பொறாமையாக இருக்கும். ஒரே இடத்தில் நூறு வருடம் இருப்பது எப்படி என்று சிலருக்குத் தெரிந்திருக்கிறது.

என் மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவளைப் பார்க்கப் போவேன். அங்கே ரிம்பா இல்மு என்று ஒரு தாவரவியல் தோட்டம், 80 ஹெக்டர், 1974இல் தொடங்கியது. அந்த நிலம் முன்பு பால்மரக்காடு. ஒரு மத்தியானம் காற்றில்லாத வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். பால்மரக் காய் வெடிக்கும் சத்தம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது மறக்காது. குனிந்து தேடி எடுத்தேன். பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட கொட்டை, பளபளவென்று. சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைப்போம். மகளிடம் கொடுத்தேன். "அழகா இருக்குப்பா," என்று பையில் போட்டுக்கொண்டாள். சூடு வைக்கிற கதையைச் சொல்ல வாய் எடுத்தேன். அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அம்மாவை ஸ்ரீ இஸ்கண்டார் பக்கம் அழைத்துப் போனது அந்தக் காலேஜின் இடமாற்றமெல்லாம் முடிந்து பல வருடம் கழித்து, சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்காக. எங்கள் வாடகைக்காரத் தம்பி போகும்போது தன் வரைபலகையை விட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல மரம், ஒருபக்க விளிம்பில் மையால் சின்னச் சின்ன எண்கள். மோட்டார் சைக்கிளில் கட்ட முடியவில்லை, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வரவில்லை. அம்மா அதன் மேல் வடகம் பிழிந்து காயப்போடுவாள், மாலையில் துடைத்து அலமாரிக்குப் பின்னால் வைப்பாள். கால் அடித்து மேசையாக்கித் தரட்டுமா என்று என் தம்பி கேட்டபோது கூடாது என்றுவிட்டாள். "நம்ம சாமானா அது? ஆணி அடிச்சா அந்தப் பிள்ளை வந்து என்ன சொல்லும்?"

கல்யாணம் முடிந்து திரும்பும்போது பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்தின் முகப்பில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த கட்டடங்கள். குன்றுகளை ஒட்டிப் பிறைபிறையாக வளைந்து ஓடும் உயர்ந்த கூரை. மழையோ வெயிலோ மாணவர்கள் அதன் நிழலிலேயே வகுப்பு விட்டு வகுப்பு போகலாம். 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது வாங்கியது. அம்மாவுக்கு விருது கதையைச் சொல்லவில்லை.

"அந்தத் தம்பி படிச்ச காலேஜா இது?"

"இடம் அதுதாம்மா. அந்தக் காலேஜு இப்ப நிபோங் திபாலுக்குப் போயிருச்சு. இது வேற காலேஜு."

"நிரந்தரம்னு சொன்னுச்சே அந்தப் பிள்ளை."

"சொன்னாரு."

கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலாளி எங்களைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார். பிறகு, கிளம்பு என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு, போகிற வழியில் மெங்லெம்புவில் நிறுத்தச் சொன்னாள். கடலை வாங்க வேண்டுமாம். ஒரு பொட்டலம் போதாது, இரண்டு வாங்கு என்றாள்.